வேனின் கைப்பிரேக்: தளர்வும் திருத்தமும்

ஓடும் வண்டியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எவ்வளவு வேகம் ஓடும், எத்தனை பேரை ஏற்றும், எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்றெல்லாம் கேட்கிறோம். நிறுத்திய இடத்தில் அது அசையாமல் நிற்குமா என்று கேட்பவர் மிகச் சிலரே.

நம் தமிழ்ப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் பலர் வேன்களில்தான் வருகின்றனர். தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் பட்டணங்களுக்கும் பெற்றோர் குடிபெயர்ந்த பின்னர், பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தொலைவு கூடிவிட்டது. அத்தொலைவைக் கடக்க உதவிய வேன்களுள் நிசான் வெனெட், டொயோட்டா லைட்ஏஸ் போன்றவை பல்லாண்டுகள் உழைத்தவை. செம்மண் சாலையிலும் மழைச் சேற்றிலும் ஓடி ஓடி இத்தகைய வேன்களின் உறுப்புகள் தேய்கின்றன. அவற்றுள் ஓசையின்றித் தேய்வது கைப்பிரேக். அது தளர்ந்துவிட்டதை ஓட்டுநர் அறிவார். ஆயினும் கால்பிரேக் நன்றாக இருக்கிறதே என்று நாளைக் கடத்துவார். அவர் இறங்கிப் பிள்ளைகளை ஏற்றும் நேரத்தில் கால்பிரேக்கின் மேல் எவருடைய காலும் இராது. அப்பொழுது வண்டியை நிறுத்தி வைப்பது கைப்பிரேக் ஒன்றே. ஆகவே அதன் இயக்கத்தையும், தளர்வதற்குரிய காரணங்களையும், திருத்தும் முறையையும் இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

சரிவில் எழும் விசை

மாணவர்களே, முதலில் ஒரு சிறு கணக்கு. பிள்ளைகளை ஏற்றிய ஒரு வேனின் எடை 2,000 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் உயரும் மேட்டில் அது நிற்கிறது. எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதனைக் கீழ்நோக்கி இழுக்கும். அஃதாவது 200 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை. நான்கு அரிசி மூட்டைகளை, மூட்டைக்கு 50 கிலோகிராமாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு வண்டியை இழுப்பதற்கு இஃது ஒப்பாகும்.

அவ்விசையைத் தாங்க ஒன்றும் இல்லாவிடில் என்ன நேரும்? சக்கரத்தின் உராய்வைக் கழித்துப் பார்த்தாலும், வேன் ஐந்து வினாடிகளில் ஏறத்தாழப் பத்து மீட்டர் உருண்டுவிடும். அப்பொழுது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். புத்தகப் பையைச் சுமந்து வண்டியின் பின்னே நிற்கும் சிறுபிள்ளைக்கு விலகி ஓட அந்த ஐந்து வினாடிகள் போதுமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன ஒழுங்குமுறைகளுள் 13-ஆவது, முழுச் சுமை ஏற்றிய வாகனத்தை 18 விழுக்காட்டுச் சரிவில் அசையாமல் நிறுத்தும் ஆற்றல் நிறுத்தப் பிரேக்குக்கு இருத்தல் வேண்டும் என்கிறது. நூறு மீட்டருக்கு 18 மீட்டர் உயரும் செங்குத்தான மேடு அது. நாம் எடுத்துக்கொண்ட வேனை அங்கே நிறுத்த 350 கிலோகிராமுக்கும் சற்று மிகுதியான தடைவிசை தேவை. இதிலிருந்து கைப்பிரேக் ஓர் அலங்காரப் பொருள் அன்று என்பது விளங்கும்.

கைவிசை சக்கரத்தை அடையும் வழி

ஒரு மனிதரின் கைக்கு இத்துணை ஆற்றல் எங்ஙனம் வந்தது? நெம்புகோலினால் வந்தது. ஓட்டுநர் இழுக்கும் கைப்பிடி ஒரு நெம்புகோல். அதனோடு இணைந்த கம்பி வடத்தைக் கேபிள் என்கிறோம். உறைக்குள் ஓடும் இத்தகைய கேபிளை மிதிவண்டியின் பிரேக்கிலும் காணலாம். எர்னஸ்ட் பௌடன் என்பவர் இதற்கு 1896-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். வேனின் அடியில் கேபிள் இரண்டாகப் பிரிந்து, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் செல்கிறது. விசையை இரு பக்கமும் சமமாகப் பங்கிடும் துண்டுக்குச் சமன்படுத்தி என்று பெயர்.

சக்கரத்தின் உட்புறம் சட்டிபோல் சுழலும் இரும்புப் பாகம் டிரம். அதற்குள் பிறைவடிவான இரண்டு ஷூக்கள் உள்ளன. ஷூக்களின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் உராய்வுப் பட்டைக்கு லைனிங் என்று பெயர். கேபிள் இழுக்கப்படும்போது டிரம்முக்குள் இருக்கும் மற்றொரு சிறு நெம்புகோல் அசைந்து, ஷூக்களை வெளிப்புறமாக விரிக்கும். லைனிங் டிரம்மைக் கவ்விக்கொள்ளும், சக்கரம் நிற்கும். கையை எடுத்த பின்னரும் பிடி தளராமல் காப்பது, கைப்பிடியின் அடியில் ‘டிக், டிக்’ என ஒலிக்கும் பல்வரிசையும் அதில் விழும் கவ்வியும் ஆகும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை நன்கு மனத்தில் இருத்துதல் வேண்டும். நெம்புகோல் விசையைப் பெருக்கும். ஆனால், அப்பெருக்கத்திற்கு ஈடாக நகர்வைக் குறைக்கும். கைப்பிடி 6 மடங்கும் டிரம்முக்குள் உள்ள நெம்புகோல் 4 மடங்கும் விசையைப் பெருக்குவதாகக் கொள்வோம். 6 × 4 = 24. ஆகவே ஷூக்கள் 1 மில்லிமீட்டர் விரிய வேண்டுமாயின், கைப்பிடி 24 மில்லிமீட்டர் உயர வேண்டும். லைனிங் சற்றே தேய்ந்து இடைவெளி 2 மில்லிமீட்டர் கூடினாலும், கைப்பிடி 48 மில்லிமீட்டர் வீணே உயரும். சக்கரத்திற்குள் ஏற்படும் ஒரு சிறு குறை, ஓட்டுநரின் கையில் பெரிய குறையாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

தளர்வின் காரணங்கள்

கைப்பிரேக் தளர்வது ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. காய்ச்சல் கண்டவருக்கு மருத்துவர் காரணத்தை ஆராய்வதுபோல், இங்கும் காரணத்தை ஆராய்தல் வேண்டும். பெரும்பாலும் காணப்படும் காரணங்கள் இவை:

1. லைனிங் தேய்ந்து மெலிந்திருத்தல்.

2. ஷூக்களின் இடைவெளியைத் தானே சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகிப்போதல். பழைய வேன்களில் இது மிகுதி.

3. வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் எண்ணெயோ, அச்சின் ஆயில் சீல் வழியே கியர் எண்ணெயோ கசிந்து லைனிங்கை நனைத்தல். எண்ணெய் பட்ட லைனிங் வழுக்குமேயன்றிக் கவ்வாது.

4. உறை கிழிந்து, மழைநீரும் செம்மண்ணும் புகுந்து, கேபிள் துருவேறி இறுகுதல். அல்லது அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுதல்.

5. டிரம்முக்குள் உள்ள நெம்புகோல் துருவினால் அசையாமல் நிற்றல்.

6. டிரம் அளவு மீறித் தேய்ந்திருத்தல்.

7. கைப்பிடியின் அடியிலுள்ள பல்வரிசை மழுங்கி, கவ்வி நழுவுதல்.

இவற்றுள் பெரும்பாலானவை சக்கரத்தின் உள்ளே இருப்பவை என்பதைக் கவனியுங்கள்.

கேபிளை மட்டும் முறுக்கலாமா?

கைப்பிடி மிக உயரத்திற்கு வந்தவுடன் பலர் செய்வது ஒன்றே. வண்டியின் அடியில் புகுந்து கேபிளின் நட்டை நான்கு சுற்று முறுக்கிவிடுகின்றனர். கைப்பிடி உடனே இறுகும். ‘சரியாகிவிட்டது’ என்று மனமும் நிறைவடையும். ஆனால் குறை தீரவில்லை, மறைந்துவிட்டது.

கேபிளை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால், டிரம்முக்குள் உள்ள நெம்புகோல் தன் பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. பல வேன்களில் அது முழுமையாகத் திரும்பினால்தான் அட்ஜஸ்டர் வேலை செய்யும். அது வேலை செய்யாமற்போனால், லைனிங் தேயத் தேய இடைவெளி கூடிக்கொண்டே போகும். கால்பிரேக்கின் மிதியும் ஆழமாக இறங்கும். மற்றொரு தீங்கும் உண்டு. கைப்பிரேக்கை விடுவித்த பின்னரும் ஷூக்கள் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். சூடு மிகும், எண்ணெய்ச் செலவு கூடும், லைனிங் விரைவில் கருகும்.

‘எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்’ என்பது நம் முன்னோர் மொழி. கேபிளை மட்டும் முறுக்குவது, எரியும் விறகை விட்டுவிட்டுக் கொதிக்கும் பானையை அமுக்கி மூடுவது போன்றது. முதலில் சக்கரம், பின்னரே கேபிள். இக்கட்டுரை முழுவதிலும் நினைவில் கொள்ளத் தக்க வரிசை இதுவே.

வேலைக்கு முன் பாதுகாப்பு

இவ்வேலை பழகிய கைகளுக்கு உரியது. ஸ்பேனர் பிடித்துப் பழகாதவர் இதனைப் பட்டறையில் விடுவதே அறிவுடைமை. தாமே செய்ய வல்லவரும் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

வண்டியைச் சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்துக. முன்சக்கரங்கள் இரண்டிற்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை இடுக. பின்சக்கரங்களால் உந்தப்படும் வேனில், பின்புறம் மேலே தூக்கப்பட்டுவிட்டால் கியரில் விட்டிருப்பதால் பயனில்லை, கைப்பிரேக்கும் விடுவிக்கப்பட்டிருக்கும். அந்நேரத்தில் வண்டியைக் காப்பவை முட்டுக்கட்டைகளே. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொள்க. ஜாக்கியால் தூக்கிய பின்னர், உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் வண்டியை இறக்குக. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் புகுதல் கூடாது. செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் தாங்கியாக வைத்தல் கூடாது. அவை எச்சரிக்கையின்றி நொறுங்கும். பிள்ளைகளை அருகில் விடலாகாது.

பிரேக் தூசியைப் பற்றியும் ஒரு சொல். பழைய லைனிங்குகள் பலவற்றில் கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் நுண்தூசி நுரையீரலில் புகுந்தால் புற்றுநோய் உண்டாக்க வல்லது. ஆதலால் டிரம்மைத் திறந்தவுடன் வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் தவறு. நீரால் நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுக.

திருத்தும் முறை

முதற்படி: கைப்பிரேக்கை முழுமையாக விடுவித்து, கேபிளின் நட்டையும் நன்கு தளர்த்துக. கேபிள் தளர்ந்திருந்தால்தான் சக்கரத்தின் உண்மை நிலை வெளிப்படும்.

இரண்டாம் படி: சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றுக. டிரம் இறுகியிருந்தால் சம்மட்டியால் ஓங்கி அடித்தல் ஆகாது. பல டிரம்களின் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளை இட்டு, மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால் டிரம் தானே வெளிவரும். டிரம் கழன்றிருக்கும்போது கால்பிரேக்கை எவரும் மிதித்தல் கூடாது. மிதித்தால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

மூன்றாம் படி: லைனிங்கின் கனத்தை அளக்க. தயாரிப்பாளர் பலர் 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரையிலான கனத்தையே கடைசி எல்லையாகக் குறித்துள்ளனர். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் காண்க. எல்லையை நெருங்கிவிட்டால் இரு சக்கரங்களின் ஷூக்களையும் ஒருசேர மாற்றுக. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு புறமாக இழுக்கும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலால் கழுவி மீண்டும் இடுவது பயனற்றது. கசிவை முதலில் நிறுத்திப் பின்னர்ப் புதிய ஷூக்களை இடுதல் வேண்டும். டிரம்மின் கடைசி அளவு பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அதனையும் ஒப்பிட்டுப் பார்க்க.

நான்காம் படி: ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறு பக்கத்தைப் பிரிக்க. ஸ்பிரிங்குகள் எங்கெங்கே மாட்டப்பட்டிருந்தன என்பதற்குப் பிரிக்கப்படாத பக்கமே பாடநூலாக இருக்கும். அட்ஜஸ்டரைக் கழற்றித் துருவை நீக்கி, வெப்பம் தாங்கும் கிரீஸை அதன் மரையில் சிறிதளவே தடவுக. இடப்பக்கத்து அட்ஜஸ்டரும் வலப்பக்கத்து அட்ஜஸ்டரும் எதிரெதிர் மரை கொண்டவையாக இருக்கலாம். அவற்றை இடம் மாற்றிப் பொருத்தினால் இடைவெளி குறைவதற்கு மாறாகக் கூடும். டிரம்முக்குள் உள்ள நெம்புகோல் தடையின்றி அசைந்து முழுமையாகத் திரும்புகிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க.

ஐந்தாம் படி: கேபிளை ஒருவர் இழுக்க, மற்றொருவர் மறுமுனையைக் கவனிக்க. இழுக்கும்போது மெல்ல நகர்ந்து, விட்டபின் திரும்பாமல் நின்றால் உள்ளே துருவேறிவிட்டது எனக் கொள்க. அத்தகைய கேபிளுக்கு எண்ணெய் ஊற்றுவது சில நாள் ஆறுதலே. இழை அறுந்த கேபிளையும் இறுகிய கேபிளையும் மாற்றிவிடுதலே முறை.

ஆறாம் படி: டிரம்மைப் பொருத்தி, அட்ஜஸ்டரின் பற்சக்கரத்தைத் திருப்புக. டிரம் உரசத் தொடங்கியதும், அது தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சற்றே பின்வாங்குக. பின்னர்க் கால்பிரேக்கைப் பலமுறை மிதித்து, ஷூக்கள் தத்தம் இடத்தில் அமரச் செய்க. மீண்டும் ஒருமுறை சரிபார்க்க.

ஏழாம் படி: இப்பொழுதுதான் கேபிளின் முறை. கைப்பிடியை இழுக்கும்போது கையேட்டில் கூறிய எண்ணிக்கைக்குள் பிடி இறுகுமாறு நட்டை முறுக்குக. பல வேன்களில் அவ்வெண்ணிக்கை 5 முதல் 9 ‘டிக்’ ஒலிகளுக்குள் அமையும். கைப்பிடியை விடுவித்ததும் இரு சக்கரங்களும் தடையின்றிச் சுழலுதல் வேண்டும். சுழலாவிடில் நட்டு மிகையாக இறுகியுள்ளது என்பது பொருள்.

சோதித்துத் தெளிதல்

சக்கர நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்கி, வண்டியை இறக்கிய பின் மீண்டும் முழுமையாக இறுக்குக. பின்னர் ஆளில்லாத சிறு மேட்டில் வண்டியை நிறுத்துக. முட்டுக்கட்டையைச் சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடியே கைப்பிரேக்கை இழுத்து, கால்பிரேக்கை மெல்ல விடுவிக்க. மேல்நோக்கி நிறுத்தி ஒரு முறையும், கீழ்நோக்கி நிறுத்தி ஒரு முறையும் சோதிக்க. சிறிது தொலைவு ஓட்டியபின் பின்சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு சென்றால், ஒன்று மட்டும் மிகுதியாகச் சுடுகிறதா என்பது தெரியும். சுட்டால் அப்பக்கத்து ஷூக்கள் உரசுகின்றன. புதிய கேபிள் சில நாளில் சற்று நீளும். ஆதலால் சில நூறு கிலோமீட்டருக்குப்பின் மீண்டும் பார்த்துவிடுக.

நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டில் தோன்றிய புஸ்பாகோம் நிலையங்களில் வணிக வாகனங்களைச் சோதிக்கும்போது, சக்கரங்களை உருளைகளின்மேல் நிறுத்திப் பிரேக்கின் ஆற்றலை அளக்கின்றனர். சோதனை நாளுக்கு முதல் நாள் மட்டும் கேபிளை முறுக்கித் தேர்ச்சி பெற்றுவிடலாம் என எண்ணுவோரும் உளர். சோதனை ஒரு நாளைக்கு உரியது. பிள்ளைகள் ஏறி இறங்குவதோ பள்ளி நாள்தோறும் இரு வேளை.

பெற்றோரும் மாணவரும் செய்யத் தக்கவை

பெற்றோர்களே, நீங்கள் ஸ்பேனர் பிடிக்க வேண்டுவதில்லை. ‘கைப்பிரேக் மேட்டில் பிடிக்கிறதா அண்ணே? பின்சக்கரத்தைத் திறந்து பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று?’ என்று அன்போடு கேட்டால் போதும். ஷூவும் கேபிளும் மாற்ற வேண்டிவந்தால், அச்செலவு ஓட்டுநரின் ஒரு மாத வருமானத்தைக் கடிக்கும் என்பதையும் நாம் மறத்தல் கூடாது. அவ்வேனில் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் கூடிச் சிறு தொகை பகிர்ந்துகொண்டால், சுமை எவருக்கும் பெரிதன்று.

ஓட்டுநர்களே, திருத்தும் வரையிலும் திருத்திய பின்னரும் மூன்று வழக்கங்களைக் கைவிடாதீர். மேல்நோக்கி நிறுத்தினால் முதல் கியரிலும், கீழ்நோக்கி நிறுத்தினால் பின்கியரிலும் விடுங்கள். வண்டி உருண்டாலும் மண்மேட்டில் முட்டி நிற்குமாறு முன்சக்கரங்களைத் திருப்பி வையுங்கள். இருக்கையின் கீழ் இரண்டு முட்டுக்கட்டைகளை எப்பொழுதும் வைத்திருங்கள்.

மாணவர்களே, நின்றிருக்கும் வேனின் முன்னும் பின்னும் விளையாடாதீர்கள். ஓட்டுநர் இல்லாதபோது கைப்பிடியையும் கியரையும் தொடாதீர்கள். வண்டி அசைவதைக் கண்டால் அதனைப் பிடித்து நிறுத்த முயலாமல், பக்கவாட்டில் விலகி ஓடிக் குரல் கொடுங்கள். 2,000 கிலோகிராமைப் பிடித்து நிறுத்த எவர் கைக்கும் வலிமை இல்லை.

திருவிழாவில் தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்பவர் நூற்றுக்கணக்கானோர், ஆரவாரமும் அவர்களுடையதே. சக்கரத்தின் அருகே குனிந்தபடி, கட்டையுடன் நடந்து வருபவர் ஓரிருவரே. தேர் சரியான இடத்தில் நிற்பது அவர்களால்தான். நம் பிள்ளைகளைச் சுமக்கும் வேனுக்கும் அத்தகைய ஒரு காவல் வேண்டும். அதனைச் சக்கரத்திலிருந்தே தொடங்கிச் சீராக்குவோமாக.

பயிற்சி

1. ஒரு வேனின் எடை 1,500 கிலோகிராம். இருபது மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் அது நின்றால், அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ எத்தனை கிலோகிராம் எடைக்கு நிகர்?

2. கைப்பிடி 5 மடங்கும் டிரம்முக்குள் உள்ள நெம்புகோல் 4 மடங்கும் விசையைப் பெருக்கினால், ஷூக்கள் 2 மில்லிமீட்டர் விரியக் கைப்பிடி எவ்வளவு உயர வேண்டும்?

3. கேபிளை இறுக்குவதற்கு முன் சக்கரத்தைத் திறந்து பார்ப்பது ஏன்? மூன்று காரணங்கள் எழுதுக.

4. உங்கள் வீட்டில் உள்ள மிதிவண்டியின் பிரேக்கைக் கவனித்து, அதில் நெம்புகோல், கேபிள், உராயும் பாகம் ஆகியவற்றைப் படம் வரைந்து குறிக்க.